கடைக்கு வந்ததா, ஆட்டக்காரருக்கு வந்ததா? பழைய ஐஸ் ஹாக்கி சாமான்களை வாங்குவதும் ஒப்பிடுவதும்

பழைய ஐஸ் ஹாக்கி சாமான் வாங்கப் போகிறவர் முதலில் நாற்றத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும். பையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறவர் தபால்தலை சேகரிக்கப் போகலாம். பனிக்கட்டி மேல் விளையாடுகிறவர்களுக்கு எங்கே வியர்க்கப் போகிறது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. உடம்பு முழுக்கக் கவசம் கட்டிக்கொண்டு, ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம் போலத் தலைதெறிக்க ஓடிவிட்டு, மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, மறுபடி இறங்குகிற ஆட்டம் இது. அந்த வியர்வை எல்லாம் கையுறைத் தோலுக்குள்ளும் ஸ்கேட் காலணிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். இருபது வருடம் ஆனாலும் போகாது. ஆகவே நாற்றமும் ஒரு சாட்சிதான். "ஒரு பருவம் முழுக்கப் பெரிய ஆட்டக்காரர் போட்டது" என்று சொல்லி விற்கப்படும் கையுறையில் புதுச் செருப்புக் கடை வாசனை வந்தால், பணத்தை எண்ணுமுன் கொஞ்சம் யோசிக்கலாம்.

நான் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். மகன் ஆறு வயதில் ஸ்கேட் கேட்டான். வளரும் கால்தானே, புதிது எதற்கு என்று பழைய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். அவனுக்கு ஒரு ஜோடி ஸ்கேட்டும், எனக்கென்று உள்ளங்கை கிழிந்த பழுப்புத் தோல் கையுறை ஒன்றும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவன் கால் அதற்குப் பிறகு பல அளவு வளர்ந்துவிட்டது. கையுறைதான் வீட்டில் குடும்பம் பெருக்கிவிட்டது.

நான்கு சொற்கள்

இந்தச் சந்தையில் நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். முதலாவது ரீடெய்ல், அதாவது கடைச்சரக்கு. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று பொது அளவில் செய்து அலமாரியில் வைத்தது. இரண்டாவது புரோ ஸ்டாக். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் கைக்கும் காலுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பச் செய்யப்பட்டு, அவர் அணி மாறியதாலோ மனம் மாறியதாலோ மிச்சமாகி வெளியே வந்தது. மூன்றாவது டீம் இஷ்யூ: அணி ஆட்டக்காரருக்குக் கொடுத்தது, ஆனால் அவர் ஆட்டத்தில் பயன்படுத்தினார் என்பதற்குச் சான்று கிடையாது. நான்காவது கேம் யூஸ்டு: ஆட்டத்திலேயே பயன்பட்டது, அதற்குச் சான்றும் உண்டு.

ஒவ்வொரு சொல்லுக்கும் விலை ஒரு படி ஏறும். விற்கிறவர் தன் பொருளை எப்போதும் ஒரு படி மேலே வைத்துத்தான் பேசுவார். அது அவர் தொழில். வாங்குகிறவர் மனத்துக்குள் ஒரு படி கீழே இறக்கிவைத்துக்கொண்டு, பொருளே தன்னை மேலே ஏற்றிக்காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவருக்கு என் யோசனை புரோ ஸ்டாக்தான். பெயர் தெரியாத ஆட்டக்காரர் என்றால் விலை மலிவு, வேலைப்பாடோ முதல் தரம். பெயரை வாங்குவதற்கு முன்பு வேலைப்பாட்டை வாங்கிப் பழகுங்கள்.

மட்டை

மட்டையில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள், நியாயம்தான். சுவரில் மாட்டலாம், நாறாது.

மட்டைகளிலேயே புகழ்பெற்ற ஒன்றின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில், 1830-களில் ஒரே சர்க்கரை மேப்பிள் கட்டையிலிருந்து செதுக்கியது அது. மாஃபட் மட்டை என்று பெயர். முடிதிருத்தும் கடை ஒன்றில் கிடந்ததை ஒருவர் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். பிறகு கனடிய வரலாற்று அருங்காட்சியகம் அதற்குக் கொடுத்த விலை 3 லட்சம் கனடிய டாலர். இதைக் கேட்டதும் நாமும் முடிதிருத்தும் கடைகளைச் சுற்றிவரலாமா என்று தோன்றும். ஆனால் அந்த விலை வெறும் பழமைக்குக் கிடைத்ததில்லை. மட்டையில் செதுக்கியிருந்த பெயரின் முதலெழுத்துகள், அந்தக் குடும்பம் வாழ்ந்த இடம், மரத்தின் வளையங்களைக் கொண்டு செய்த காலக்கணிப்பு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்ததால்தான் கிடைத்தது. சான்று இல்லாத பழைய மட்டை வெறும் பழைய மட்டை.

நம் கைக்கு எட்டுகிற மட்டைகளை நான்கு தலைமுறையாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். முதல் தலைமுறை ஒற்றை மரம் அல்லது ஒட்டுமரம், பெரும்பாலும் ஆஷ். கனம், கட்டை, அடிமுனையில் நேரான பிளேடு. இரண்டாவது, மரத்தின் மேல் கண்ணாடியிழை சுற்றியது. கியூபெக் மாகாணத்தின் ஷெர்புரூக் நகரில் தயாரான ஷெர்வுட் பி.எம்.பி. 5030 இதற்குத் தலையாய உதாரணம். எழுபதுகள், எண்பதுகளில் ஆடிய கனடியரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மூன்றாவது தலைமுறை அலுமினியத் தண்டு. அம்பும் பேஸ்பால் மட்டையும் செய்துகொண்டிருந்த கலிபோர்னியாவின் ஈஸ்டன் நிறுவனம் இதில் முந்திக்கொண்டது. தண்டு உலோகம், அதன் முனையில் மரப் பிளேடு. சூடுபடுத்தினால் இளகும் பசை வைத்துச் செருகுவார்கள். பிளேடு உடைந்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்று செருகலாம். நான்காவது கார்பன் இழையில் ஒரே துண்டாக வார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் ஈஸ்டனின் சினர்ஜி வந்த பிறகு மரமட்டை சில வருடங்களிலேயே பெரிய ஆட்டங்களிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தது.

இந்த மாற்றத்தை ஒரே மனிதரின் கையில் பார்க்கலாம். ஐஸ் ஹாக்கியின் பெரும் நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கி எட்மண்டனில் ஆடிய காலத்தில் ஃபின்லாந்தின் டைட்டன் மரமட்டை வைத்திருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போன பிறகு ஈஸ்டன் அலுமினியத்துக்கு மாறினார். 1999-இல் ஓய்வு பெறும்போது கையில் இருந்தது மறுபடியும் மரம், ஹெஸ்பிலர் மட்டை. ஆகவே கிரெட்ஸ்கி மட்டை என்று யாராவது காட்டினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அணியில், எந்த ஆண்டில் என்பதே. எட்மண்டன் காலத்து அலுமினிய மட்டை என்று சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று: அவர் பிளேடின் டேப் மேல் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவுவார். பாபி ஓர் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரரோ பிளேடில் பேருக்கு ஒரு சுற்று டேப்தான் ஒட்டுவார். டேப் சுற்றும் விதம் ஆட்டக்காரரின் கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் வேறுபடும். பழைய புகைப்படங்களோடு வைத்து ஒப்பிடலாம்.

பிளேடின் வளைவுக்கு வருவோம். அறுபதுகளின் தொடக்கம் வரை பிளேடு நேராகத்தான் இருந்தது. சிகாகோ அணியின் ஸ்டான் மிகிட்டா பயிற்சியின்போது விரிசல் விட்டு வளைந்துபோன மட்டையால் பக் என்ற ரப்பர் வட்டை அடித்தார், அது புதுமாதிரிப் பறந்தது. அவரும் அணித்தோழர் பாபி ஹல்லும் வேண்டுமென்றே வளைக்கத் தொடங்கினார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. வாழைப்பழம் போல வளைந்த மட்டையிலிருந்து பக் எங்கே போகும் என்று கோல்கீப்பருக்கும் தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது. 1970-இல் என்.ஹெச்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசிய ஹாக்கி லீக், வளைவு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. இப்போது முக்கால் அங்குலம். ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான 1993 இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், தோற்கும் நிலையில் இருந்த மாண்ட்ரியல் அணி, எதிரணியின் மார்ட்டி மக்சார்லி வைத்திருந்த மட்டையை அளக்கச் சொன்னது. வளைவு வரம்பை மீறியிருந்தது. அதற்குத் தண்டனையாக அவர் வெளியே உட்கார்ந்த நேரத்தில் மாண்ட்ரியல் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்று, கோப்பையையும் கொண்டுபோனது. ஒரு கால் அங்குலம் செய்த வேலை!

சேகரிப்பவருக்கு இதில் பாடம்: நேரான பிளேடு என்பதாலேயே மட்டை பழையது ஆகிவிடாது. சிறுவர் மட்டைகளும் மலிவு மட்டைகளும் வளைவு வந்த பிறகும் நேராகவே தயாராயின. ஆனால் ஐம்பதுகளைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் மட்டை, தொழிற்சாலையிலேயே அழகாக வளைத்ததாக இருந்தால் அது ஐம்பதுகளைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

கார்பன் மட்டைகளை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று ஃபிளெக்ஸ். தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். 85 என்று போட்டிருந்தால் 85 பவுண்டு. மட்டையை மேலிருந்து வெட்டினால் தண்டு விறைக்கும்; அச்சடித்த எண் பிறகு செல்லாது. புரோ ஸ்டாக் மட்டைகளை ஆட்டக்காரர் தன் உயரத்துக்கு ஏற்கெனவே வெட்டியிருப்பார், எனவே நீளத்தை அளக்காமல் ஃபிளெக்ஸை நம்ப வேண்டாம். இரண்டு, லை. பிளேடுக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம். 5, 6 என்ற எண்கள்தான் சாதாரணமாகக் கிடைக்கும். எண் கூடினால் தண்டு நிமிர்ந்து நிற்கும். பிளேடின் அடியில் எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நுனிப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மட்டை அந்த ஆளுக்குச் சரியாக அமையவில்லை என்று பொருள். மூன்று, வளைவின் வடிவம். கடைச்சரக்கில் பி92, பி28, பி88 போன்ற குறிகள் இருக்கும். புரோ ஸ்டாக்கில் அவற்றுக்குப் பதில் ஆட்டக்காரரின் பெயரோ எண்ணோ அச்சாகியிருக்கும். கடை விற்பனைக்கான பட்டைக்கோடும் உத்தரவாத வாசகமும் பெரும்பாலும் இருக்காது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பழைய மாடல் பிடித்துப்போனால் அதையே கேட்டு வாங்குவார். நிறுவனமோ புது மாடலை விளம்பரம் செய்தாக வேண்டும். ஆகவே பழைய மட்டைக்குப் புது மாடலின் வண்ணம் பூசிக் கொடுப்பதுண்டு. மேலே அச்சடித்த பெயரை வைத்து உள்ளே இருக்கும் மட்டையை முடிவு செய்யாதீர்கள். எடை, தண்டின் முனைகளின் வடிவம், பிளேடும் தண்டும் சேருமிடத்தின் அமைப்பு ஆகியவற்றைக் கடைச்சரக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடவிப் பாருங்கள்.

ஸ்கேட்

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. மட்டை உடைந்தால் வேறு மட்டை எடுப்பார்கள். ஸ்கேட்டை ஆட்டக்காரர் தன் காலாகவே வளர்ப்பார்.

மனிடோபா மாகாணத்தின் பிராண்டன் ஊரில் ஜார்ஜ் டாக்கபெரி என்றொரு காலணித் தைப்பாளர் இருந்தார். ஜோ ஹால் என்ற முரட்டு ஆட்டக்காரர் அதே ஊர்க்காரர். காலணி சீக்கிரம் பிய்ந்துபோகிறது என்று அவர் புலம்ப, டாக்கபெரி கங்காருத் தோலில் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். மெல்லியது, உறுதியானது, ஈரத்தில் நைந்துபோகாதது. பெயர் பரவியது. டாக்கபெரி 1937-இல் இறந்த பிறகு சி.சி.எம். நிறுவனம் பெயரை வாங்கிக்கொண்டது. 'டாக்ஸ்' என்ற வரிசை அப்படி வந்ததுதான், இன்றும் விற்கிறது. ஜோ ஹாலுக்கு அத்தனை ஆயுள் இல்லை. 1919 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின்போது பரவிய காய்ச்சலில் சியாட்டிலில் இறந்தார். அந்த ஆண்டு கோப்பை யாருக்கும் கிடைக்கவில்லை.

சி.சி.எம். என்பதன் விரிவு கனடா சைக்கிள் அண்ட் மோட்டார். 1899-இல் சைக்கிளுக்காகத் தொடங்கிய நிறுவனம், எஃகு கையில் இருந்ததால் ஸ்கேட் பிளேடு செய்யப் போனது. அதன் போட்டியாளரான பாவர், ஒன்டாரியோவின் கிச்சனர் நகரில் 1927-இல் காலணித் தொழிலிலிருந்து வந்தது. ஒருவர் இரும்பிலிருந்து, மற்றவர் தோலிலிருந்து. இரண்டு நிறுவனங்களின் பழைய ஸ்கேட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்தப் பூர்வீகம் எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

எழுபதுகளுக்கு முந்தைய ஸ்கேட் என்றால் தோல் காலணியின் அடியில் எஃகுக் குழாயும் அதில் பதித்த பிளேடும். எழுபதுகளில் பிளேடைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தாங்கி வந்தது. டூக் என்ற பெயர் அதில்தான் புகழ்பெற்றது. எடை சட்டென்று குறைந்தது. அதே காலத்தில் காலணியையே பிளாஸ்டிக்கில் வார்த்த லாங்கே, மைக்ரான் போன்றவையும் வந்து, கொஞ்ச காலம் ஓடி, ஓய்ந்தன. அவை பனிச்சறுக்குக் காலணி மாதிரி விறைப்பாக இருக்கும். சேகரிப்பவர்கள் இவற்றை இன்னும் ஏளனமாகவே பார்ப்பதால் விலை குறைவு. பொறுமை உள்ளவர்கள் இப்போதே இரண்டு ஜோடி வாங்கிவைக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

ஸ்கேட் வாங்கும்போது பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று: இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். நான் ஒருமுறை இணையத்தில் எண்பதுகளின் டாக்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். படத்தில் பளபளத்தது. வந்த பெட்டியைத் திறந்தால் இடது கால் எட்டு, வலது கால் எட்டரை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இரு காலுக்கும் இரு அளவில் செய்வதுண்டு என்று விற்றவர் விளக்கம் எழுதினார். உண்மைதான், செய்வதுண்டு. ஆனால் இடது ஸ்கேட்டின் ரிவிட்டுகள் செம்பு, வலதின் ரிவிட்டுகள் எஃகு. தாங்கிகளின் பிளாஸ்டிக் மஞ்சளடித்த அளவும் வெவ்வேறு. இரண்டு குப்பையிலிருந்து சேர்ந்த ஒரு ஜோடி. இன்றும் வைத்திருக்கிறேன், விருந்தினருக்குக் காட்டிச் சிரிக்க.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். காலணியின் உள்ளே அல்லது நாக்கில் இருக்கும் அளவும் எண்ணும் இரண்டிலும் பொருந்த வேண்டும். ஸ்கேட் அளவு தெருவில் போடும் ஷூ அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக இருக்கும். அதைத் தெரியாமல் "சின்னப் பையன் ஸ்கேட்" என்று விற்பவர்களும் உண்டு, லாபம் உங்களுக்கு. தாங்கியில் 263, 272, 280 என்று மில்லிமீட்டர் எண் இருக்கும். காலணி அளவுக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றுவது குற்றமில்லை, அணிகளின் சாமான் பொறுப்பாளர்கள் தினமும் செய்கிற வேலை. ஆனால் அசல் என்ற விலையை மட்டும் கொடுக்காதீர்கள். கடைசியாக பிளேடின் உயரம். ஒவ்வொரு சாணைக்கும் எஃகு கரையும். உயரம் பாதியாகிவிட்ட பிளேடு, நிறைய ஓடிய ஸ்கேட் என்பதற்குச் சாட்சி. கேம் யூஸ்டு என்று சொல்லப்படும் ஸ்கேட்டில் பிளேடு முழு உயரம் இருந்தால், பிளேடு புதிதா, கதை புதிதா என்று கேளுங்கள்.

கோல்கீப்பர் சாமான்

இங்கே நம்மூர்க்காரருக்கு ஒரு நெருக்கம் உண்டு. 1896 பிப்ரவரியில் வினிபெக் விக்டோரியாஸ் அணியின் கோல்கீப்பர் மெரிட், மாண்ட்ரியலில் நடந்த ஸ்டான்லி கோப்பை ஆட்டத்தில் காலில் கட்டிக்கொண்டு நின்றது கிரிக்கெட் கால்பேட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்கீப்பர்களுக்குக் கிரிக்கெட் பேட் சாதாரணம். ஹாமில்டன் நகரில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த 'பாப்' கெனஸ்கி, அந்த வளைந்த பேடில் பட்டு பக் தாறுமாறாகத் தெறிப்பதைப் பார்த்தார். அகலமாக்கி, முகப்பைத் தட்டையாக்கி, தோலால் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பெரிய கோல்கீப்பர்கள் கெனஸ்கி பேடுக்காக ஹாமில்டன் வந்தார்கள்.

அந்தப் பேடுக்குள் என்ன இருந்தது தெரியுமா? மான் முடியும், கபோக் என்று அவர்கள் சொல்கிற இலவம்பஞ்சும். தலையணைக்குள் நாம் அடைத்த அதே பஞ்சு! கிளி காத்திருந்து ஏமாந்த இலவு, கனடாவில் பக்கைத் தடுத்துக்கொண்டிருந்தது. மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீர் குடித்தால் கனக்கும். ஆட்டத்தின் மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் கோல்கீப்பர் தூக்கிக்கொண்டு நின்ற எடை தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகம். செயற்கை நுரைகளும் செயற்கைத் தோலும் வந்ததும் இந்தத் தொல்லை போனது, அழகும் போனது என்பேன். பழைய தோல் பேட் வாங்கும்போது தையலோரத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே மாவாக உதிர்கிற சத்தம் கேட்டால் பூச்சி குடியிருக்கிறது.

காலம் கணிக்க அளவுநாடா போதும். என்.ஹெச்.எல். விதிப்படி பேடின் அகலம் நெடுங்காலம் 10 அங்குலம். 1989-இல் 12 ஆனது. 2005-இல் 11 ஆகக் குறைந்தது. 12 அங்குலப் பேடை அறுபதுகளின் ஆட்டத்தில் போட்டதாக யாராவது சொன்னால், அளவுநாடாவை எடுத்து நீட்டுங்கள், வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

முகமூடி விஷயத்தில் என் அறிவுரை கறாரானது: தொடக்கக்காரர் வாங்க வேண்டாம். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் பக் பட்டு முகம் கிழிந்த மாண்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட், தையல் போட்டுக்கொண்டு, கண்ணாடியிழை முகமூடி அணிந்துதான் திரும்புவேன் என்று அடம்பிடித்துத் திரும்பினார். அன்றிலிருந்து கூண்டு வைத்த ஹெல்மெட்டுகள் பரவும்வரை சில பத்தாண்டுகளுக்குள் வந்த முகமூடிகள் எல்லாம் கையால் வார்த்தவை, ஒவ்வொன்றும் ஒருவரின் முகம். இந்த அழகுக்காகவே நகல்கள் குவிந்துகிடக்கின்றன. பாஸ்டன் அணியின் ஜெர்ரி சீவர்ஸ், முகமூடி இல்லாவிட்டால் எங்கெங்கே தையல் விழுந்திருக்கும் என்று வரைந்துவைத்த அந்த முகமூடியின் நகலைப் பார்க்காத சேகரிப்பாளர் இருக்க மாட்டார். அலங்காரத்துக்கு நகல் நல்லதுதான். அசல் விலைக்கு விற்கப்படும்போதுதான் வம்பு. உட்புறத்தில் இழைநெசவு தெரிகிறதா, நெற்றியும் தாடையும் உரசிய இடம் மெருகேறியிருக்கிறதா, பட்டைகளின் ரிவிட் ஓட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கக் கண் பழகிய பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

ஹெல்மெட்டும் கையுறையும்

மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்ட்டன் 1968 ஜனவரியில் ஆட்டத்தின்போது விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அப்போதும் ஹெல்மெட் கட்டாயமாகவில்லை. 1979-இல்தான், அதுவும் புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு மட்டும் என்று விதி வந்தது. பழைய ஒப்பந்தக்காரர்களில் கடைசியாக வெறுந்தலையோடு ஆடிய கிரெய்க் மக்டாவிஷ் ஓய்வு பெற்றது 1997-இல். ஆகவே எழுபதுகளின் ஹெல்மெட்டுகளில் பெரிய நட்சத்திரங்களின் பெயரைத் தேடாதீர்கள். பலர் போடவே இல்லை. டொராண்டோவின் கூப்பர், ஸ்வீடனின் யோஃபா, சி.சி.எம். ஆகிய மூன்று பெயர்களைச் சுற்றியே ஒரு நல்ல அலமாரி அமைக்கலாம். கிரெட்ஸ்கி போட்ட மெல்லிய யோஃபாவுக்குத்தான் எப்போதும் கிராக்கி.

என்னிடம் இருக்கும் ஒன்றின் மேல் என் மகனுக்கும் கண். "அப்பா, இன்னிக்கு மேட்சுக்கு இதைப் போட்டுக்கட்டுமா?" என்றான். "ஷோகேஸுக்குள்ள நின்னு ஆடுறதா இருந்தா போட்டுக்கோ" என்றேன். பழைய ஹெல்மெட்டின் உள்நுரை காலப்போக்கில் ரொட்டித்தூளாக உதிரும், ஓடு உடையும். அமெரிக்காவின் ஹெச்.இ.சி.சி. சான்று ஒட்டிய ஹெல்மெட்டுக்கே தயாரித்த நாளிலிருந்து ஆறரை வருடம்தான் ஆயுள். சேகரிப்பு ஹெல்மெட் எதையும் தலையில் வைத்துக்கொண்டு பனித்தளத்தில் இறங்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட.

கையுறையில் உள்ளங்கைதான் எல்லாம். முதுகுப்பக்கம் இருபது வருடம் தாங்கும், உள்ளங்கை ஒரு பருவம் தாங்கினால் பெரிது. ஆகையால் உள்ளங்கை மாற்றித் தைப்பது இந்தத் தொழிலில் சகஜம். அசல் உள்ளங்கையோடு, ஓட்டை விழுந்த கையுறையை நான் புது உள்ளங்கை தைத்ததைவிட மேலாக மதிப்பேன். புரோ கையுறையில் அது மெல்லியது. மட்டையை உணர வேண்டும் என்பதற்காக உழைப்பைத் தியாகம் செய்திருப்பார்கள். கடைச்சரக்கில் தடிமன் கூடுதல், ஏனென்றால் வாங்கியவர் நாலு வருடம் போட வேண்டும்.

இதே கூப்பர் நிறுவனம் நீளக் கால்சட்டை ஒன்றும் விற்றது, 'கூப்பரால்' என்று பெயர். ஃபிலடெல்ஃபியா அணி 1981-இல் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியது, அடுத்த பருவம் ஹார்ட்ஃபோர்டும் சேர்ந்துகொண்டது. விழுந்த ஆட்டக்காரர்கள் பனியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய்ச் சுவரில் மோதினார்கள். லீக் தடுத்துவிட்டது. எங்கேயாவது கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

வயதைக் கண்டுபிடிக்க

பெரிய பெயர்கள் கைமாறிய கதையைத் தெரிந்துகொண்டால் லேபிளே பிறந்த தேதியைச் சொல்லிவிடும். பாவரை நைக்கி நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவில் வாங்கி, 2008-இல் விற்றது. இரு பெயரும் சேர்ந்திருக்கும் பொருள் அந்த இடைவெளிக்குள் வந்தது. சி.சி.எம்., கோஹோ, யோஃபா மூன்றையும் வைத்திருந்த நிறுவனத்தை ரீபாக் 2004-இல் வாங்கியது, எனவே ரீபாக் பெயர் போட்ட ஹாக்கிச் சாமான் அதற்குப் பிந்தியது. சி.சி.எம். 2017-இல் மறுபடி வேறு கைக்குப் போனது. ஈஸ்டன் ஹாக்கியைப் பாவர் 2016-இல் வாங்கி மூடிவிட்டது. 

அதைவிடப் பழையவற்றுக்கு இன்னொரு வழி. லேபிளில் முகவரி இருந்தால் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் மாறிமாறி ஆறு குறிகளாக வரும் கனடிய அஞ்சல் குறியீடு எழுபதுகளின் தொடக்கத்தில்தான் வந்தது. "டொராண்டோ 5" என்பது போல நகரின் பெயரோடு ஓர் எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் வைத்திருக்க

மரமட்டையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். படுக்கவையுங்கள், அல்லது தொங்கவிடுங்கள். கனடிய வீடுகளின் அடித்தளம் குளிர்காலத்தில் ஹீட்டரால் காய்ந்தும் கோடையில் ஈரம் பூத்தும் கிடக்கும். தோலுக்கும் மரத்துக்கும் இரண்டும் ஆகாது. தோலை ஹீட்டர் பக்கத்தில் காயவைப்பது கொலைக்குச் சமம். பிளேடில் துரு ஏறாமல் இருக்க மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். பழைய பிளேடைச் சாணை பிடிக்கவே கூடாது; கடைசியாகப் பிடித்த சாணை எந்தக் குழிவில் இருக்கிறது என்பதும் அந்த ஆட்டக்காரரைப் பற்றிய தகவல்.

வாங்கத் தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, டொராண்டோவில் யங், ஃபிரண்ட் தெருக்கள் சந்திக்கும் மூலையில் இருக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய் வாருங்கள். 1885-இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடம் அது, ஸ்டான்லி கோப்பையும் அங்கேதான். கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் மேலே ஓடுவார்கள். நீங்கள் கீழே நின்று கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் மட்டைகளின் டேப்பையும் ஸ்கேட்டுகளின் ரிவிட்டையும் நிதானமாகப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, வாங்கிவைத்த மட்டையின் அழுக்கு டேப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று தயவுசெய்து உரித்துவிடாதீர்கள்.